சொல்லாமல் வரும் வேகம்

நம் ஊர்ப்பக்கத்தில் வீட்டை விட்டுப் புறப்படுகிறவர் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘போய் வருகிறேன்’ என்று சொல்லி, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ‘ஆகட்டும், போய் வா’ என்று விடை கொடுத்த பிறகே படியிறங்குவார். சொல்லாமல் கொள்ளாமல் போனவனையும், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றவனையும் உறவுமுறை எளிதில் மன்னிப்பதில்லை. மனிதருக்கு மட்டுமா இந்த நியதி? காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் வீதிக்கு எழுந்தருளும்போது அவருக்கு முன்னே திருச்சின்னம் ஊதிக்கொண்டு போகிறார்கள்; அந்த ஊதுகுழல்களின் ஒலியையே பொருளாகக் கொண்டு வேதாந்த தேசிகர் ‘திருச்சின்னமாலை’ என்றொரு தமிழ்ப் பிரபந்தம் இயற்றியிருக்கிறார். எங்கும் நிறைந்தவன் என்று சாஸ்திரங்கள் கூறும் ஒருவனுக்குப் புதிதாக வந்து சேர வேண்டிய இடம் என்று ஒன்று இருக்க முடியாது. அப்படிப்பட்டவன்கூட, கோலத்தை இன்னும் முடிக்காத பெண்ணுக்கும், கடையை இன்னும் ஒழுங்கு செய்யாத வணிகனுக்கும், வாசலுக்கு வர நேரம் பிடிக்கும் முதியவருக்கும் முன்கூட்டியே தன் வருகையைத் தெரிவித்துவிட்டுத்தான் வருகிறான். இது வெறும் உபசாரமா, அல்லது உலகத்தின் அமைப்பிலேயே வேரூன்றிய ஒரு தர்மமா என்பதுதான் நான் இங்கே விசாரிக்க விரும்பும் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்கு எழுந்த இடம் கோயிலன்று, உத்திரமேரூரின் ஏரிக்கரை. வைரமேக தடாகம் என்று பழைய கல்வெட்டுகள் பெயர் சொல்லும் அந்த ஏரியின் கரைமேல் ஒரு விடியற்காலையில் நடந்துகொண்டிருந்தபோது, வானத்தின் ஒரு மூலையிலிருந்து விமானத்தின் இரைச்சல் கேட்டது. இரைச்சல் வந்த திசையை நோக்கி அண்ணாந்து பார்த்தேன். அங்கே விமானம் இல்லை. அது வெகுதூரம் முன்னால், இளவெயிலில் மின்னும் ஊசியைப்போல் போய்க்கொண்டிருந்தது. யாரும் கண்டிருக்கக்கூடிய சாதாரணக் காட்சிதான். பத்து கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் ஓசை தரையை எட்ட ஏறக்குறைய அரை நிமிடம் ஆகிறது. அதற்குள் விமானம் ஏழு கிலோமீட்டர் அளவுக்கு நகர்ந்துவிடுகிறது. ஆயினும் அந்த விமானம் ஒலியைவிட மெதுவாகத்தான் செல்கிறது. ஒலியையே பின்னுக்குத் தள்ளிவிட்டுப் பறக்கும் விமானம் ஒன்று இருந்தால், அதற்கு முன்னே திருச்சின்னம் ஊதுவது எப்படி என்று எண்ணினேன். அந்த எண்ணமே இக்கட்டுரைக்கு வித்து.

காற்று ஒரு பெருங்கூட்டம். தேர்த் திருவிழாவில் நெருக்கியடித்து நிற்கும் ஜனத்திரளுக்குள் ஒருவர் ‘வழி, வழி’ என்று சொல்லிக்கொண்டே நடந்தால், அந்தச் சொல் அவர் காலைவிட வேகமாக முன்னே சென்று, ஒருவர்மேல் ஒருவராகப் பரவி, அவர் வந்து சேர்வதற்குள் அங்கங்கே சிறு சந்து உண்டாகிவிடுகிறது. காற்றிலும் அவ்வாறே நிகழ்கிறது. இறக்கையின் முன்விளிம்பு தொடும் அணுக்கள் தம் முன்னுள்ள அணுக்களை மெல்லத் தள்ள, அந்தத் தள்ளல் அழுத்த அலையாக முன்னோக்கிப் பரவுகிறது. அந்த அலைக்குத்தான் நாம் ஒலி என்று பெயரிட்டிருக்கிறோம். தரைமட்டத்தில் அது விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் ஓடும். பதினெட்டு கிலோமீட்டர் உயரத்தின் கடுங்குளிரில் 295 மீட்டராகக் குறைந்துவிடும். இந்த வேகத்துக்கு உட்பட்டுச் செல்லும் எதற்கும், பட்டாம்பூச்சியானாலும் ஜம்போ விமானமானாலும், காற்று முன்னமே செய்தி அறிந்து, ஒதுங்கி, மேலும் கீழுமாகப் பிரிந்து, பின்னால் மறுபடி கூடிக்கொள்கிறது. ஆனால் ஓடுகிறவன் தன் குரலையே முந்திவிட்டால் முன்னால் நிற்பவர்களுக்கு என்ன தெரியும்? அவன் மோதும் கணம் வரையில் ஒன்றும் தெரியாது. காற்று ஒதுங்க நேரமின்றித் திடீரென்று நெருக்குண்டு, மயிரிழையைவிட மெல்லியதொரு படலத்துக்குள் அழுத்தமும் வெப்பமும் ஒருசேர ஏறிவிடுகின்றன. இதையே அதிர்ச்சி அலை என்கிறார்கள்.

நம் முன்னோர் தத்துவங்களை எண்ணும்போது ஆகாசத்துக்குச் சப்தம் என்ற ஒரே குணத்தையும், அதிலிருந்து பிறந்த வாயுவுக்குச் சப்தத்தோடு ஸ்பரிசத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். அந்தக் கணக்கும் இன்றைய பௌதிக சாஸ்திரமும் ஒன்றே என்று சாதிப்பது என் நோக்கமன்று. அவை வேறு வேறு வினாக்களுக்குப் பிறந்த விடைகள். எனினும் அதிர்ச்சி அலையின் சுபாவத்தைச் சிந்திக்கும்போது அந்தப் பழைய பாகுபாடு எனக்கு ஒரு விளக்காகப் பயன்படுகிறது. உரிய காலத்தில் முன்னே சென்றால் சப்தம் செய்தி. பிந்திப்போய் வருகையோடு வந்து விழுந்தால் அதே சப்தம் ஸ்பரிசம், அதாவது அடி. சொல்லாமற்போன சொல் காணாமற்போவதில்லை. அது திரண்டு அடியாக வந்து சேர்கிறது.

இந்த அலையை முதன்முதலாகப் படம்பிடித்துக் காட்டியவர்களில் ஒருவர் தத்துவ ஞானி என்பது ஆச்சரியமான பொருத்தம். எர்ன்ஸ்ட் மாக், ஒலியை முந்திச் செல்லும் துப்பாக்கிக் குண்டின் முன்னே வில்போல் வளைந்து நிற்கும் அலையின் நிழற்படத்தை 1887-ல் வெளியிட்டார். ஒலியின் வேகத்தை ஒன்று என்று வைத்து அளக்கும் எண்ணுக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. புலன்களுக்கு எட்டாத எதையும் உண்மை என்று ஒப்புக்கொள்ளத் தயங்கிய அவர், ‘நான்’ என்பதும் புலனுணர்வுகளின் ஒரு தொகுப்பே அன்றித் தனிப்பொருள் அன்று என்று வாதாடினார். காஞ்சியை அடுத்த பகுதியில் பிறந்தவராகச் சொல்லப்படும் பௌத்த ஞானி திங்நாகர், பிரத்தியட்சப் பிரமாணத்தைப்பற்றிப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்த நுட்பமான விசாரங்களை மாக் அறிந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பாரோ! கண்ணுக்குத் தெரியாத காற்றின் அதிர்ச்சியைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்தவர், கண்டதையே நம்பிய மாக்.

குண்டுக்கு உரிய வேகத்தில் மனிதரை ஏற்றிச் செல்லத் துணிந்தவர்கள் அடுத்த நூற்றாண்டினர். 1969 மார்ச் 2-ஆம் நாள் முதன்முறை பறந்து, 1976 ஜனவரி 21-ஆம் நாள் முதல் 2003 அக்டோபர் வரையில் பிரயாணிகளைச் சுமந்த கான்கார்ட் என்னும் ஆங்கிலேய-பிரெஞ்சு விமானம் ஏறத்தாழ நூறு பேரை ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் கொண்டுசென்றது. அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்குகிறவனுக்கு முதலில் தென்படுவது பலம் அன்று, பணிவு. அதிர்ச்சி அலையை எழுப்புவதில் செலவாகும் சக்தி, உடலின் பருமனுக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுகிறது. ஆகவே 62 மீட்டர் நீளமுள்ள அந்த விமானம் இறக்கை விரிவில் 26 மீட்டரைக்கூட எட்டாமல், நாணலைப்போல் மெலிந்து நின்றது. மூக்கு ஊசியாயிற்று, இறக்கை ஏட்டைப்போல் மெல்லியதாகிப் பின்னோக்கி வளைந்த முக்கோணமாயிற்று. மாக் எண் இரண்டில் அலை இருபுறமும் முப்பது பாகைக் கோணத்தில் கூம்பாகச் சாய்ந்துவிடுகிறது. இறக்கை அந்தக் கூம்புக்குள் தன்னை ஒடுக்கிக்கொண்டால் காற்றின் சினம் பெரிதும் தணிகிறது.

மெலிந்த முக்கோண இறக்கை வேகத்துக்கு நல்லது, நிதானத்துக்கு நல்லதன்று. தரையிறங்கும் மந்த கதியில் அது எடையைத் தாங்குமா என்ற ஐயம் எழுந்தபோது, இங்கிலாந்தின் பார்ன்பரோ ஆராய்ச்சிக்கூடத்தில் டீட்ரிச் குய்க்கெமனும் ஜொஹானா வேபரும் ஓர் உண்மையைக் கண்டார்கள். இறக்கையைச் சற்று அதிகமாக நிமிர்த்தினால் அதன் கூரிய விளிம்பிலிருந்து காற்று பிரிந்து, மேற்புறத்தில் இரண்டு நீண்ட சுழல்களாக உருண்டு, அந்தச் சுழல்களின் மையத்து அழுத்தக் குறைவே விமானத்தை மேலே தூக்கிப் பிடிக்கிறது. ஒழுங்கான ஓட்டம் குலைவதைக் கண்டு அஞ்சிவந்த சாஸ்திரம், அந்தக் குலைவையே துணையாக்கிக்கொண்டது. நிமிர்ந்து இறங்கும்போது நீண்ட மூக்கு விமானியின் பார்வையை மறைத்தது. எனவே மூக்கைக் கீழே தாழ்த்த ஏற்பாடு செய்தார்கள். ஒலியை முந்தியது தரையைத் தொடும்போது தலைகுனிந்தே தொட்டது.

இன்னும் இரண்டு இணக்கங்களைச் சொல்லாமல் விடமுடியாது. ஒலியின் வேகத்தைக் கடக்கையில் இறக்கையைத் தாங்கும் விசையின் மையம் பின்னோக்கி நகர்ந்துவிடும். அப்போது மூக்கு கவிழும். அதைத் தடுக்க விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே ஏறத்தாழ இருபது டன் எரிபொருளை முன் தொட்டிகளிலிருந்து வால் தொட்டிக்கு இறைத்து, சுமையின் மையத்தையும் பின்னே கொண்டுபோனார்கள். தலைச்சுமைக்காரி மேட்டிலும் பள்ளத்திலும் சும்மாட்டை நகர்த்திக்கொள்வது போல. ஒலியை விஞ்சி வரும் காற்றை எஞ்சின் அப்படியே விழுங்க முடியாது. ஆகையால் அதன் வாயிலிலேயே அசையும் தகடுகளை வைத்து, வேண்டுமென்றே சிறு சிறு அதிர்ச்சி அலைகளை எழுப்பி, சில மீட்டர் தூரத்துக்குள் காற்றின் வேகத்தை ஒலியின் வேகத்தில் பாதியாகக் குறைத்து உள்ளே விட்டார்கள். உராய்விலும் நெருக்கத்திலும் பிறந்த வெப்பத்தால் மூக்கு 127 பாகை வரையில் காய்ந்தது. விமானத்தின் உடலே ஏறத்தாழ ஒரு சாண் நீண்டு, குளிர்ந்த பிறகு மறுபடி சுருங்கியது.

நம் மொழியில் கோயிலின் கருவறைமேல் எழும் சிகரத்துக்கும் விமானம் என்றே பெயர். உத்திரமேரூர் சுந்தரவரதராஜப் பெருமாள் கோயிலின் விமானம் நின்றும் இருந்தும் கிடந்தும் பெருமாள் காட்சி தரும் மூன்று தளங்களைக் கொண்டு, ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அசையாமல் நிற்கிறது. அளந்து அமைத்தது என்பதே அச்சொல்லின் வேர்ப்பொருள். புராணங்களில் வரும் விமானங்களைக் காட்டி நாம் பண்டே பறந்தோம் என்று பெருமை பேசுவோர் இந்தப் பொருளை மறந்துவிடுகிறார்கள். ‘வைமானிக சாஸ்திரம்’ என்னும் நூலின் வரைபடங்களை 1974-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐவர் கணக்கிட்டுப் பார்த்து, அவை பறக்கத் தகுதியற்றவை என்று எழுதினார்கள். அதே கழகத்தில்தான் சதீஷ் தவன் நம் நாட்டின் முதல் மீயொலிக் காற்றுச் சுரங்கத்தை அமைத்து, மாணவர்களுக்கு அதிர்ச்சி அலையைக் கண்ணால் காட்டினார். அளந்து காட்டிய தவனே விமானம் என்ற சொல்லுக்கு உண்மையான வாரிசு.

இவ்வளவையும் கேட்ட ஒருவர், ‘ஆகவே மனிதன் இயற்கையை வெல்லவில்லை, இணங்கித்தான் சென்றான்; இணக்கமே தர்மம்; உன் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது’ என்று சொல்லக்கூடும். நானும் சிறிது காலம் அவ்வாறே எண்ணி மகிழ்ந்திருந்தேன். பிறகு ஒரு சந்தேகம் அந்த மகிழ்ச்சியைக் கெடுத்தது. வீட்டின் இயல்பை நன்றாக அறிந்தவன் வீட்டுக்காரன் மட்டுமல்லன், கள்வனும் அறிவான். எந்தக் கதவு கிறீச்சிடும், எந்த நாய் குரைக்கும், எந்த ஓடு காலுக்குத் தாங்கும் என்று வீட்டின் சுபாவத்துக்கு முற்றும் இணங்கித்தான் அவன் உள்ளே இறங்குகிறான். விதியை அறிந்து அதற்கேற்ப வளைவது சாமர்த்தியம். அது விவேகம் ஆவதற்கு இன்னும் ஒரு படி பாக்கியிருக்கிறது. காற்றின் சம்மதத்தைப் பெற்றவர்கள், காற்றுக்குக் கீழே வாழ்கிறவர்களின் சம்மதத்தைக் கேட்டார்களா?

கூம்பாக விரியும் அந்த அலை விமானத்தோடு நின்றுவிடுவதில்லை. பல பத்து கிலோமீட்டர் அகலத்துக்கு, விமானம் செல்லும் வழி நெடுக, அது தரையின்மேல் இழுபட்டுக்கொண்டே வருகிறது. வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஏற்றம். ஆனால் அது ஒரு கணத்துக்குள் ஏறி இறங்குவதால் இரட்டை வெடிபோல் காதில் விழுகிறது. 1964-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்தின்மேல் ஆறு மாத காலம் நாளொன்றுக்கு எட்டு முறை வீதம் இந்த முழக்கத்தை எழுப்பிப் பரீட்சை செய்தபோது, நாலில் ஒருவருக்கு மேற்பட்டோர் இதனோடு வாழ முடியாது என்று சொன்னார்கள். நம் ஏர் இந்தியாவும் அறுபதுகளில் இரண்டு கான்கார்ட் விமானங்களுக்கு இடம் குறித்துவைத்து, எழுபதுகளில் விட்டுவிட்டது. பின்னர் லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கு அவ்விமானத்தை ஓட்டியபோது, தன் நிலத்தின்மேல் ஒலியை விஞ்சிப் பறக்க இந்தியா இசையவில்லை. அந்தத் தடமும் 1980-ல் நின்றது. 2020 மே 20-ஆம் நாள் நண்பகலுக்குப் பின் பெங்களூர் மக்கள், பூகம்பமோ என்று அஞ்சி வீட்டைவிட்டு வெளியே ஓடிவந்தார்கள். விமானப்படையின் சோதனை விமானம் ஒன்று எழுப்பிய முழக்கம் அது என்று மாலையில் தெரிந்தது. காற்று படும் பாட்டை அன்று ஒரு நகரமே பட்டது: முன்னறிவிப்பு இல்லை, அடி மட்டும் வந்தது.

உத்திரமேரூருக்குத் தென்கிழக்கே அதிகத் தூரமில்லாத வேடந்தாங்கலில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் ஏரியின் கடப்ப மரங்களில் கூடு கட்டும் காலத்தில் தீபாவளி வருகிறது. அவ்வூரார் அன்று வெடி வெடிப்பதில்லை. குழந்தைகளுக்கு அது எளிய தியாகமா? பறவைக்கு முன்கூட்டிச் சொல்லி, ‘இன்று வெடிப்போம், பயப்படாதே’ என்று தேற்ற நம்மிடம் பாஷை இல்லை. ஆகவே சொல்ல முடியாதவரிடத்தில் செய்யாமலிருப்பதே முறை என்று அந்த உழவர்கள் தாமே கண்டுகொண்டார்கள். காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் வேர்விட்ட சமண மரபு இதையே நடையின் விதியாக வகுத்தது: துறவி தன் காலுக்கு முன் நான்கு முழத் தரையைப் பார்த்து நடக்க வேண்டும், உட்காருமுன் மயிற்பீலியால் இடத்தை மெல்லப் பெருக்க வேண்டும். மூச்சு விடுவதிலும் உயிர் வருந்துகிறது என்று அறிந்தவர்கள் அவர்கள். ஆகையால் துன்பமே இல்லாத நடை சாத்தியம் என்று அவர்கள் தம்மை ஏமாற்றிக்கொள்ளவில்லை. எறும்புக்கு ஒதுங்க அவகாசம் கொடு என்பதே பீலியின் பொருள். நான் உணர்ந்த அளவில் அகிம்சைக்கு முதற்படி இந்த அவகாசம்தான்.

ஊருக்குள் வந்து, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களின் முன் நின்றால் இந்த உண்மை ஆட்சியின் மொழியில் எழுதப்பட்டிருக்கக் காணலாம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட அச்சாசனங்கள் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேரும் குடவோலை முறையை விவரிக்கின்றன. சிறியோரும் பெரியோருமாகச் சபை முழுதும் கூட வேண்டும். ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளின் ஓலைகள் குடத்தில் இடப்பட வேண்டும். குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திக் காட்ட வேண்டும். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத பாலகன் ஓர் ஓலையை எடுக்க, அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். பிறகு வாசிக்க வேண்டும். அந்த விரித்த கையைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கையில் ஒன்றும் ஒளித்து வைக்கவில்லை என்று சபைக்கு முன்னறிவிப்பது அது. எந்த வாரியத்திலாவது இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி குடவோலைக்கு உரியவர் ஆகார் என்ற விதியும் அதே சுவரில் இருக்கிறது. அந்தச் சாசனத்திலும் எல்லாருடைய பெயரும் குடத்துக்குள் போக உரிமை இல்லை. நிலமும் வேதக் கல்வியும் உடையவருக்கே அது இடம் கொடுத்தது. சபையின் வட்டம் குறுகியதாயினும், வட்டத்துக்குள் யாருக்கும் தெரியாமல் ஒன்றும் நிகழக்கூடாது என்பதில் அது உறுதியாக இருந்தது.

இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமையும் என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. அதற்காக நிலம் கேட்கப்படும் ஏகனாபுரத்தார் தங்கள் கிராம சபையில் அதற்கு எதிராகத் தீர்மானம் மேல் தீர்மானமாக நிறைவேற்றி வருகிறார்கள். நாட்டுக்கு விமான நிலையம் வேண்டும் என்பாரும், ஏரியும் வயலும் வேண்டும் என்பாரும் சொல்லும் நியாயங்களை நிறுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் அளவைக் கடந்த காரியம். அங்கே இறங்கப்போகும் விமானங்கள் ஒலியை விஞ்சுவனவும் அல்ல. ஆனால் பெரிய வேகம் ஒன்று வரும்போது அதன் பாதையில் இருப்பவர்களின் குரல் முன்னே செல்கிறதா, பின்னே இழுபடுகிறதா என்ற வினா வானத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை நினைவூட்ட அந்தக் கிராமம் போதும்.

விமான சாஸ்திரிகளும் இப்போது இந்த வினாவை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பது எனக்கு மிக்க ஆறுதல் தரும் செய்தி. 2025 அக்டோபரில் முதன்முறை பறந்த அமெரிக்காவின் எக்ஸ்-59 என்னும் ஆராய்ச்சி விமானத்தின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மூக்கே. உடலின் பல பாகங்களில் எழும் அலைகள் வழியில் ஒன்றோடொன்று திரண்டு வெடியாகி விடாமல், தனித்தனியே தரையை வந்தடையும்படி அதன் உருவத்தை நீட்டி வகுத்திருக்கிறார்கள். கேட்பவருக்குத் தூரத்தில் வண்டிக் கதவைச் சாத்தியது போன்ற ஓசையே வரவேண்டும் என்பது நோக்கம். பிறகு ஊர்களின்மேல் பறந்து, கீழிருப்பவரை என்ன கேட்டது, எப்படி இருந்தது என்று விசாரிக்கவும் திட்டம் உண்டு. உருவம் காற்றுக்கு இணங்கியது பழைய சாதனை. உருவம் கேட்பவனுக்கு இணங்க முயல்வது புதிய தர்மம். நான் சாமர்த்தியத்துக்கு மேல் பாக்கி என்று சொன்ன படி இதுதான்.

வைகாசியில் காஞ்சிக் கருட சேவைக்குப் போகிறவர்கள் கண்குளிரக் காணும் காட்சி ஒன்றுண்டு. மனத்தினும் வேகமாய்ப் பறப்பவன், சிறகடித்தால் கடல் கலங்குவது போன்ற காற்றை எழுப்புபவன் என்று புராணங்கள் போற்றும் கருடன், அன்று தன் தோளில் பெருமாளைச் சுமந்துகொண்டு, தான் மனிதர் தோளில் ஏறி வருகிறான். சுமப்பவர்களின் கால் நகரும் அளவுக்குத்தான் அவன் நகர்கிறான். ஒரு தெருவைக் கடக்க எத்தனையோ நாழிகை ஆகிறது. கூட்டத்தின் கடைசியில் குழந்தையைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கும் தாய்க்கும் தயாராக நேரம் இருக்கிறது. ஏனெனில் அவன் திருமுகம் தெருமுனையில் தெரிவதற்கு வெகுநேரம் முன்பே, திருச்சின்னத்தின் ஒலி அவள் காதுக்கு வந்துவிட்டது.